பதினேழாம் அறையில் பனிக்காலம்

கன்னங்குளம் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழித் தொடக்கநிலை வகுப்பின் மேல் பனி விழுந்தது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தேகாலுக்கு. வெளியே உடைமரங்களின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, சைக்கிள் கொட்டகைத் தகரம் தொட்டால் சுட்டது, கேன்டீனில் வடை தீர்ந்துபோனதற்கு யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்கள். மொழிப்புலக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பதினேழாம் அறையில் மட்டும், மின்விசிறிக்கும் கூரைக்கும் நடுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக, அவசரமில்லாமல், கோழி உரித்த வீட்டில் இறகு பறக்கிற மாதிரி அது இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி அந்த வகுப்புக்கு எப்படி வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கன்னங்குளம் அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் ஆயா வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டு, செத்தவர்களைத் துடைத்து, நாடி கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்காருகிறவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்த வருஷங்களில் போனபோது தம்பி எபனேசருக்கு ஒன்பது வயது. அவனை ஆளாக்குவதிலேயே இவளுக்குக் கல்யாண வயது கடந்துபோயிற்று. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை.

எபனேசர் கேட்டரிங் படித்தான். ரஷ்யாவில் ஒரு தொழிற்சாலை விடுதியில் சமையல் வேலை என்று ஏஜென்ட் ஒருவன் சொன்னான், இவனும் போனான். முதல் மாதம் அண்டா போன்ற பாத்திரத்தில் முட்டைக்கோஸ் கிண்டுகிற படம் அனுப்பினான். இரண்டாம் மாதம் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியவில்லை என்றான். மூன்றாம் மாதம் பச்சைச் சட்டையும் தலைக்கவசமுமாக நிற்கிற படம் வந்தது. பிறகு ஒரே ஒரு குரல்பதிவு. "யக்கா, சண்டை நடக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறாவ. போன வாங்கி வச்சிக்கிடுவாவளாம். நீ ஒண்ணும் பயப்படாத, என்னா." அதோடு சரி.

ஜெபக்கனி மனு எழுதினாள். கலெக்டர் ஆபீஸ், எம்.பி. வீடு, டில்லி என்று மனு போன இடமெல்லாம் அவளும் போனாள். நாலு மாதம் கழித்து அவள் போனுக்கு ஒரு படம் வந்தது: முத்திரை குத்திய காகிதம், அதில் சங்கிலி பின்னியது போல ஒரே கோணல் கையெழுத்து. போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலி அதைப் பார்த்து 'மூன்று முயல்கள்' என்றது. பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று லேப் டெக்னீஷியன் சொன்னதால், ட்யூட்டி முடிந்த கையோடு நீலச் சேலையிலேயே பஸ் ஏறிப் போனாள்.

அந்தப் பெண் தில்ஷாத் பேகம். முப்பத்து மூன்று வயது. டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போய், இரண்டு வருஷத்தில் பாதியில் திரும்பி, அங்கே பிழைக்கக் கற்ற மொழியையே படிப்பாக்கிக்கொண்டு, இப்போது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் பாடம் நடத்துகிறவள். காகிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"காத்திருக்கச் சொல்லியிருக்காங்க அக்கா."

"அம்புட்டும் எழுதி அதுதானா?"

"மேல எண், தேதி, அலுவலகப் பேரு. சேதின்னு பார்த்தா ஒரே ஒரு வார்த்தைதான். காத்திருங்கள்."

ஜெபக்கனி போனை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"டீச்சர், இத நானே வாசிக்கணும்னா எவ்வளவு நாளாவும்?"

"எதுக்கு அக்கா? வந்தா எங்கிட்ட கொண்டாங்க, நான் சொல்றேன்."

"இனிமே வாறத இன்னொருத்தர் வாயால கேக்க எனக்கு ஏலாது."

அப்படித்தான் அவள் சேர்ந்தாள். வகுப்பில் டாக்டருக்குப் படிக்கப் போகிற எட்டுப் பையன்கள் இருந்தார்கள். சங்கரலிங்கம் என்று ஒருவர் இருந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ரஷ்யக் கப்பல்காரர்களிடம் கற்ற பன்னிரண்டு கெட்ட வார்த்தைகள் மட்டும் தெரியும், நல்ல வார்த்தைகளையும் தெரிந்துகொண்டு சாகலாம் என்று வந்ததாகச் சொன்னார். பையன்கள் எழுத்துக்களைப் பார்த்துச் சிரித்தார்கள்: பி போல இருப்பது ர், ஹெச் போல இருப்பது ன், ஒன்று தனக்கென்று சத்தமே இல்லாமல் முன்னால் நிற்கிற எழுத்தை இளக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாமா என்றால் அம்மா என்றபோது வகுப்பே குலுங்கியது. ஜெபக்கனி சிரிக்கவில்லை. வார்டில் வெப்பநிலை அட்டைகளுக்குப் பின்பக்கம் எழுத்துக்களை எழுதிப் பார்த்தாள், குளுக்கோஸ் பாட்டில் சொட்டுவதைக் கண்காணித்துக்கொண்டே ஒன்று இரண்டு மூன்று என்று அந்த மொழியில் எண்ணினாள். பேசத்தான் நாக்கு முரண்டு பிடித்ததே தவிர, இலக்கணம் அவளுக்கு அந்நியமாகப் படவில்லை. "நமக்கு வேற்றுமை எட்டு, அவங்களுக்கு ஆறு. இது வீடு, இவன் மாணவன்னு நாம சொல்ற மாதிரியே அவங்களும் சொல்வாங்க, நடுவுல 'இருக்கு'ன்னு ஒண்ணைச் சொருக வேண்டாம்" என்று தில்ஷாத் சொன்னாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாடம் காலநிலை. "அவங்க ஊர்ல மழை பெய்யாது, நடந்து வரும். பனியும் அப்படித்தான். இத்யோத் ஸ்னேக். பனி நடந்து வருது. எல்லாரும் சொல்லுங்க" என்றாள் தில்ஷாத். எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் தடவை சொல்லும்போது பனி வந்துவிட்டது. சங்கரலிங்கம் அண்ணாச்சி கையை நீட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த பன்னிரண்டில் ஒன்றைச் சொன்னார். தில்ஷாத் வருகைப்பதிவேட்டைத் துப்பட்டாவால் மூடிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போனாள், ஏனென்றால் அந்த வாரத்துக்குள் அந்தப் பாடத்தை முடித்தாக வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் கணுக்கால் அளவு, ஐப்பசியில் முழங்கால் அளவு. அறையின் வாசற்படி வரை அது நிற்கும், அதைத் தாண்டி ஒரு துளி வராது. பதிவாளர் தெய்வநாயகம் முதலில் கூரை ஒழுகுகிறது என்று பொறியாளருக்குக் கடிதம் எழுதினார். பொறியாளர் வந்து கூரைக்கு மேலே ஏறிப் பார்த்து, மேலே காய்ந்த பாசிதான் இருக்கிறதென்று பதில் எழுதினார். அதன் பிறகு 'பதினேழாம் அறைக்குச் செல்வோர் காலணிகளை வெளியே விட வேண்டியதில்லை' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, அதோடு பனி அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டது. இயற்பியல்காரர்கள் அளவுகோல் நட்டார்கள். மலைப்பக்கம் ஸ்வெட்டர் விற்கிறவர்கள் உடைமரத்தடியில் கடை போட்டார்கள். கல்யாணம் நிச்சயமானவர்கள் போட்டோகிராபரோடு வந்து நின்றார்கள், மாப்பிள்ளை பெண் மேல் பனியை வீசுவது போலவும் பெண் வெட்கப்படுவது போலவும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். கரையிலிருந்து மீன்காரர்கள் கூடையோடு வந்து அள்ளிப்போய்ப் பாறை மீனுக்குப் போட்டுப் பார்த்தார்கள்; வாசலைத் தாண்டியதும் அது தண்ணீராகிவிட்டது, அந்தத் தண்ணீரில் கிடந்த மீனில் கரிந்த நாற்றம் அடிக்கிறதென்று வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், அதிலிருந்து மீன்காரர்கள் வரவில்லை.

கரிந்த நாற்றம் ஜெபக்கனிக்கு முதல் நாளே தெரியும். அடுப்புக் கரி அல்ல, இரும்பும் ரப்பரும் சேர்ந்து எரிந்த வாடை, தீக்காய வார்டில் எப்போதாவது வருகிற வாடை. சில நாள் பனி சாம்பல் நிறத்தில் விழுந்தது. சில நாள் கிழக்குச் சுவருக்குப் பின்னாலிருந்து தொம் தொம் என்று கேட்டது. கட்டடக் காவலாள் கொம்பையா அது கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அந்தப் பக்கம் குவாரி கிடையாது என்று அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். ஒருநாள் மண்வெட்டியால் வழி வெட்டும்போது அவருக்கு ஒரு தகரத் துண்டு கிடைத்தது, முனை முறுக்கிக்கொண்டு கத்தி போல இருந்தது. அதைப் பையன்கள் படம் எடுத்தார்கள். தில்ஷாத் மட்டும் அதை வாங்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்தாள்.

மார்கழியில் இறந்தகாலம் நடத்தினாள். "நிகழ்காலத்துல 'இருக்கிறான்'னு சொல்ல அவங்களுக்குச் சொல்லே தேவைப்படல. இறந்தகாலத்துல வேணும். பில். இருந்தான். ஒவ்வொருத்தரா உங்க வீட்டு ஆளுங்களை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க." என் தாத்தா ஆசிரியராக இருந்தார், என் மாமா டிரைவராக இருந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஜெபக்கனியின் முறை வந்தபோது அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லல டீச்சர்."

"உங்க அப்பாவை வச்சுச் சொல்லுங்க அக்கா."

"அந்தச் சொல்ல வாயில பழக்க எனக்கு இஷ்டமில்ல."

தில்ஷாத் தலையசைத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். பனி ஜெபக்கனியின் நோட்டில் விழுந்து விழுந்து நீல மையைக் கரைத்துக்கொண்டிருந்தது.

மாசி கடைசியில் பனி நின்றது. பங்குனியில் இளக ஆரம்பித்தது. பெஞ்சுகளின் கால்கள் தெரிந்தன, யாரோ தொலைத்த செருப்பு தெரிந்தது, கல்யாணப் படம் எடுக்க வந்தவர்களின் பிளாஸ்டிக் ரோஜாக்கள் தெரிந்தன. கரும்பலகைப் பக்கத்து மூலையில் மட்டும் இடுப்பளவு மேடு கரையாமல் நின்றது. அந்த வாரம் இடப்பெயர்களும் முன்னிடைச் சொற்களும். மேலே, உள்ளே, பின்னால், கீழே. புத்தகத்தில் ஒரு பூவின் படம் இருந்தது: பனி உருகும்போது முதலில் தலைநீட்டுகிற சின்ன வெள்ளைப் பூ, போத்ஸ்னேஷ்னிக், பனிக்குக் கீழே இருப்பது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். வகுப்பு முடிந்து பையன்கள் போன பிறகு தில்ஷாத் ஜெபக்கனியின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பூப் பேருக்குப் புத்தகத்துல போடாத ஒரு அர்த்தம் இருக்கு. குளிர்காலத்துல காணாமப் போனவங்க பனி உருகினதும் தெரிவாங்க. அந்தப் பிணத்துக்கும் அங்க அதே பேரைத்தான் சொல்வாங்க."

ஜெபக்கனி மூலையைப் பார்த்தாள். கொம்பையாவும் வாசலில் நின்று அதே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"எனக்குப் புரட்டாசியிலேயே தெரியும் டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் வார்டுக்குப் போகவில்லை. காலையில் கதவு திறக்கிறபோது வருவாள், மேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவாள், பூட்டுகிறபோது போவாள். கையால் தோண்டிவிடுவதற்கு அரை மணி நேரம் ஆகாது. தோண்டவில்லை. பதிவாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் பத்தரை மணிக்கு ஒரு பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. ஜெபக்கனி நாற்காலியைத் தள்ளிவிட்டு விழுந்தாள், இரண்டு கையாலும் வாரினாள், கொம்பையா ஓடிவந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரும் கையாலேயே வாரினார். முழங்கால், பெல்ட், பச்சைச் சட்டை, சட்டையில் கறுத்துக் காய்ந்த இடம். கழுத்துக்கு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். தலைமுடி மிருதுவாக இருந்தது. கண்ணைத் திறந்தாள். வைக்கோல் நிறத்து முடி. புருவமும் அதே நிறம். மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக, மீசை சரியாக முளைக்காத ஒரு முகம்.

"ஸ்தோத்திரம்!" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சத்தமாகவே சொல்லிவிட்டது, வராந்தாவில் நின்றவர்களுக்குக் கேட்டது. சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளையைத் தொட்டுக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அந்த முகத்தில் ஒட்டியிருந்த பனியை முந்தானையால் துடைத்தாள். 

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க செத்தாம்னு எழுதணும்மா. நம்ம எல்லையில சாகலையே" என்று கவலைப்பட்டார். தூதரகத்துக்கு போன் போட்டார்கள்; கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டில் இருந்த எண்ணைக் கேட்டுக்கொண்ட ஆள், அந்த எண்ணுக்குரியவர் பணியில் இருக்கிறார், மேல்விவரத்துக்குக் காத்திருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆக, காகிதப்படி செத்தது யாருமில்லை. பதிவாளர் அறையைப் பூட்டச் சொன்னார், வகுப்பை ரத்து செய்யச் சொன்னார், தில்ஷாத்தைக் கூப்பிட்டு அடுத்த வருஷ ஒப்பந்தம் சிரமம் என்றார். "நான் என்ன செய்ய அம்மா, எனக்கு மேல கேக்கிறாங்க" என்றபோது அவர் குரலும் சரியாக இல்லை.

பிணத்தை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெபக்கனிதான் கழுவினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை, ட்யூட்டியும் அவளுடையதல்ல. வெந்நீர் வைத்து, காது மடலுக்குப் பின்னால் வரை துடைத்து, விரலிடுக்கில் இருந்த மண்ணை எடுத்து, பக்கவாட்டில் இருந்த காயத்துக்குப் பஞ்சு வைத்துக் கட்டினாள். சொன்ன ஒரு வார்த்தைக்கு ஈடாகச் செய்ய வேறென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்பாக்கெட்டில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது, அதற்குள் மடித்த காகிதம். அன்று சாயங்காலம் பூட்டிய அறைக்கு வெளியே வராந்தாவில் வகுப்பு கூடியது. யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டார்கள். காகிதத்தை நடுவில் விரித்தார்கள். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. நாலாம் பாடத்தில் அவர்கள் எழுதிப் பழகிய அதே வாக்கியங்கள்: என் பெயர் திமஃபேய். எனக்கு இருபது வயது. இது என் அம்மாவின் எண். என் அம்மாவின் பெயர் ஸினயீதா. பெவின் என்ற பையன் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவன் 'மாமா' என்ற இடத்தில் நிறுத்திவிட்டான்.

"திமஃபேய்னா நம்ம தீமோத்தேயுதான்" என்றாள் ஜெபக்கனி.

சங்கரலிங்கம் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சரம்மா, நீங்கதான் அந்தத் தாய்கிட்டப் பேசணும்."

தில்ஷாத் எண்ணை அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள், நிறுத்தினாள். "எனக்கு வார்த்தை நிறையத் தெரியும் அக்கா. அதான் பயமா இருக்கு. ஏதாவது சொல்லி மழுப்பிருவேன்."

"எனக்குக் கொஞ்சந்தான் தெரியும். குடுங்க" என்றாள் ஜெபக்கனி.

மறுநாள் மத்தியானம், மருத்துவமனைத் துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால், கொடியில் வார்டு விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்று அவள் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், உங்கள் மகன் திமஃபேய் எங்களிடம் இருக்கிறான் என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. பிறகு ஒரு சொல் கேட்டது: "ஷிவோய்?" கடைகளைப் பற்றிய பாடத்தில், உயிர்மீன் விற்கிற இடத்தில் அந்தச் சொல் வரும். உயிரோடா?

"நியெத்" என்றாள் ஜெபக்கனி. இல்லை.

அந்தப் பெண் அலறவில்லை. பேச ஆரம்பித்தாள். வேகமாக, நிறுத்தாமல், ஏதோ ஒரு கணக்கை முதலிலிருந்து ஒப்பிக்கிறவள் போலப் பேசிக்கொண்டே போனாள். ஜெபக்கனிக்கு அதில் தீமா என்ற செல்லப்பெயரும், பள்ளிக்கூடம், சூப், பூட்ஸ் என்று ஒன்றிரண்டு சொல்லும்தான் பிடிபட்டன. வைக்கலாமா என்று நினைக்கக்கூட இல்லை. வார்டில் கடைசி நேரத்தில் சிலர் இப்படித்தான் பேசுவார்கள், பதில் எதிர்பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் ஆள் நின்றால் போதும். நின்றாள். விரிப்புகள் காய்ந்து மொடமொடவென்று காற்றில் அடித்துக்கொண்டன. கடைசியில் அந்தப் பெண் ஓய்ந்து, மூக்கை உறிஞ்சி, சின்னக் குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"யெமூ ஹோலத்ன?"

அவனுக்குக் குளிருதா. 'அவன்' என்ற சொல்லில் கு உருபு சேர்ந்து, நாம் சொல்கிற மாதிரியேதான் அவர்களும் சொல்கிறார்கள். மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, கேள்வி நேராக வந்து நெஞ்சில் விழுந்தது.

"நியெத்" என்றாள் ஜெபக்கனி. "இங்க வெயில். ரொம்ப வெயில். ஷார்க."

"ஹரஷோ" என்றது அந்தக் குரல். நல்லது.

அநாதைப் பிணம் என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுக்க, சனிக்கிழமை அடக்கம் நடந்தது. குருவானவர் எந்தச் சபை, யார் அனுமதி என்று முதலில் தயங்கினார், பேரைக் கேட்ட பிறகு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்வெட்டர் கடைக்காரர்கள் வந்தார்கள். பனியில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஜோடிகளில் இரண்டு ஜோடி தாலி மஞ்சள் காயாமல் வந்து ஓரமாக நின்றது. பதிவாளர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கன்னங்குளத்துச் செம்மண்ணில் குழி வெட்டினால் உச்சிவெயிலில் உள்மண்ணும் கைக்குச் சூடாக இருக்கும். ஜெபக்கனி ஒரு பிடி அள்ளி, அது சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டாள். கல்லறையைப் படமெடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினாள்.

பதினேழாம் அறை சித்திரைக்குள் முழுக்கக் காய்ந்துவிட்டது. கொம்பையாவும் அவளும் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள், சிமென்ட் பெயர்ந்த இடத்தைக்கூடக் குச்சியால் கிளறினார்கள். வேறு யாரும் இல்லை. பரீட்சை வேறு அறையில் நடந்தது, ஜெபக்கனி இரண்டாம் வகுப்பில் தேறினாள். தில்ஷாத் சென்னையில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்துப் போனாள்.

ஒரு மாதம் கழித்து ஸினயீதாவிடமிருந்து எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: நீ எதற்காக எங்கள் மொழி படித்தாய்? ஜெபக்கனி பதில் எழுதத் தெரியாமல், எபனேசர் தலைக்கவசத்தோடு நிற்கிற படத்தை அனுப்பினாள். கீழே அவன் பெயரை அந்த எழுத்துக்களில் எழுதினாள். என் தம்பி என்று எழுதினாள். மூன்று வாரம் பதில் இல்லை. நாலாம் ஞாயிற்றுக்கிழமை குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் ரயில் சத்தம். ஏதோ ஓர் ஊர்ப்பெயர், ஆஸ்பத்திரி என்ற சொல், பிறகு, "எபனேசெரா நியெத்."

ஜெபக்கனி உடனே தில்ஷாத்துக்கு போன் போட்டுக் கேட்கவைத்தாள்.

"எபனேசரை இல்லங்கிறாவளே டீச்சர். பேருல என்னமோ ஒட்டிச் சொல்லுதாவ."

"அது ஆறாம் வேற்றுமை மாதிரி அக்கா. உடைமைக்கு வர்ற உருபு, இல்லைன்னு சொன்னாலும் வரும். ஒரு ஆள் இல்லைன்னா அவங்க மொழியில அந்த ஆளோட பேரே மாறிடும்." தில்ஷாத் இன்னொரு தடவை கேட்டாள். "அந்த ஊர் ஆஸ்பத்திரியில இல்லைன்னு சொல்றாங்க. அவங்க ரயில்வேயில வேலை பார்க்கிறாங்களாம், ரயில்ல சும்மா போகலாமாம். லீவு நாள்ல ஊர் ஊரா இறங்கிப் பட்டியலைப் பார்க்கப் போறேன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் இன்னொரு ஊராம்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பதிவு வருகிறது. முதலில் ஊர்ப்பெயர். ஆஸ்பத்திரியா, கல்லறைத் தோட்டமா, சிறையா என்று ஒரு சொல். பிறகு, எபனேசெரா நியெத். ஜெபக்கனி அந்த ஊர்களைப் பள்ளிக்கூடத்து வரைபடம் ஒன்றில் தேடிப் பென்சிலால் சுழிக்கிறாள். வேதப்புத்தகம் போல அது மேஜைமேல் விரித்தே கிடக்கிறது. போன வருஷமெல்லாம் எந்தச் சொல்லை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாளோ அந்தச் சொல்லுக்காக இப்போது காத்திருக்கிறாள். இல்லை என்று வருகிற வரைக்கும் அவனை இன்னும் எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பெயர் வால் ஒட்டாமல், உள்ளபடியே வந்தால், அது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வருகிறதா கல்லறையிலிருந்து வருகிறதா என்று அவளுக்குத் தெரியாது.

போன ஞாயிறு கோயில் முடிந்து வந்தும் பதிவு வரவில்லை. பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. அரிசியைக் களைந்து வைத்தவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. போனைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள், மறுபடி நிமிர்த்தி வைத்தாள். ஒன்றே முக்காலுக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வாயில் நுழையாத ஓர் ஊர்ப்பெயர். இருமல். காகிதம் புரட்டுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அந்தக் குரல், களைத்துப்போய்:

"எபனேசெரா நியெத்."

ஜெபக்கனி எழுந்து உலை வைத்தாள்.